முழு டேங்கும் வெள்ளைச் சட்டைப்பையும்

1

இந்தக் கதை ஒரு கறையிலிருந்து பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவில், பாண்டுங் நகரத்திலிருந்து லெம்பாங் மலைக்கு ஒரு கல்யாணக் கூட்டம் கிளம்பியது. துணி வியாபாரத்துக்காக மேடானிலிருந்து வந்து இங்கேயே தங்கிப்போன நானும் வேனில் ஒரு மூலையில் இருந்தேன். மேலே மாப்பிள்ளை, பெண்ணின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு திருமண உறுதிமொழியை ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய நேரம். மூச்சை இழுத்தார். அவருடைய வெள்ளைக் கோட்டின் பையைச் சுற்றி, மாம்பழ வாசனையோடு ஓர் ஈரம் பரவியது.

பைக்குள் இருந்தது, வாசனைத் திரவத்தைச் சூடாக்கிப் புகைபோல இழுக்கிற வேப் கருவி. அதன் டேங்கில் அன்று காலை திரவம் நிரப்பிக் கொடுத்தவள் இமாஸ்.

(நான் முதலில் எழுதிய தொடக்கம்: "மலைச்சரிவில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக்..." பனியை அடித்துவிட்டேன். எல்லாக் கதையிலும் அதுவேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது.)

2

இமாஸின் வேப் கடை என் துணிக்கடைக்குப் பின்தெருவில் இருக்கிறது. அதற்கு எதிரே கோசாசியின் கடை. இவர் மாப்பிள்ளைக்கு அண்ணன், வேப் பிடிக்கும் பைக் ஓட்டிகளின் சங்கத்துக்குத் தலைவர். கல்யாணப் பந்தி முடிவதற்குள் இமாஸுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்: ஒழுகல் அக்கா.

பெயர் ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. தெருமுனையில் டோஃபு பொரிக்கிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். ஒருவன் அவள் கடை வாசலில் வாளி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

கோசாசியை வில்லனாக்க எவ்வளவோ முயன்றேன். மீசை வைத்துப் பார்த்தேன், குரலைக் கனமாக்கினேன், ஒன்றும் ஒட்டவில்லை. என் கடை ஷட்டர் சிக்கிக்கொண்டால் முதலில் ஓடி வருகிறவர் அவர். நக்கல் என்று வந்துவிட்டால் மட்டும் எதிரில் ஆள் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவரை இருக்கிறபடியே விட்டுவிட்டேன்.

இமாஸ் என்னிடம் ஒரு முறைதான் வாய்விட்டுச் சொன்னாள். "எங்கம்மா ஆசையா வச்ச பேரு ஒண்ணு இருக்குண்ணே. கடைக்கு வர்றவனுக்கு அது தெரியவே தெரியாது." கதை எழுதுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

3

[இது கதையில்லை, செய்முறை. அவசரக்காரர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம். ஆனால் போகிறவர்களின் சட்டை நனைந்தால் என்னைத் திட்டக் கூடாது.

இமாஸ் டேங்க் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் காற்றுத் துளையை மூடுவாள். டேங்கைச் சாய்த்து, திரவத்தைச் சுவரோரமாக வழியவிடுவாள். நடுக்குழாயில் ஒரு சொட்டு விழுந்தாலும் அது நேரே கீழே இறங்கிவிடும். திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள் புதிது என்றால் அதன் பஞ்சை முன்பே நனைத்து ஊறவிடுவாள். ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்ப்பாள். வெடித்திருந்தால் குப்பையில் போடுவாள், நன்றாக இருந்தால் துளி திரவம் தடவி முறுக்கில்லாமல் உட்காரவைப்பாள். மரையைத் துடைத்து, விரல் நுனியால் மூடுவாள். முரட்டு இறுக்கு இறுக்கினால் வளையம் நசுங்கி அதுவே ஒழுகும்.

மாப்பிள்ளை டேங்குக்கும் இத்தனையும் செய்திருந்தாள். ஒன்றே ஒன்றுதான் அவர் சொன்னபடி நடந்தது: "பாதி ஊத்து போதும், நிறைய இருந்தா வழியில ஒழுகிடும்." மலைக்குப் போகிற எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்.]

4

மாப்பிள்ளையின் கோட்டைக் கறை போகத் துவைத்து, அதைப் பெண் வீட்டில் திருப்பிக் கொடுக்க இமாஸ் லெம்பாங்குக்குப் போனாள். வழியில் கொறிக்கக் கீழேயே ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கியிருந்தாள். வாங்கும்போது தொளதொளவென்றிருந்த பாக்கெட், மேலே போய்ப் பார்த்தால் வெடிக்கப்போகிறதுபோல் உப்பியிருந்தது. அங்கே பெட்டிக்கடையில் தொங்கிய பாக்கெட்டுகளும் அப்படியே.

(அந்தக் கணத்தை வர்ணிக்க "அவளுக்குள் ஒரு மின்னல்..." என்று ஆரம்பித்தேன். மின்னலெல்லாம் இல்லை. பாக்கெட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள், அவ்வளவுதான்.)

மலை ஏறினால் அடைபட்ட காற்று உப்புகிறது. பாதி டேங்கில் மீதிப் பாதி காற்றுதானே? அது உப்பித் திரவத்தைப் பஞ்சு வழியாக வெளியே தள்ளியிருக்கிறது. தப்பு அவள் கையில் இல்லை, காலியாக விட்ட இடத்தில்.

உங்களுக்கு இப்போது ஒரு பழமொழி நாக்கு நுனியில் நிற்கிறது. எனக்கும் நின்றது. தயவுசெய்து விழுங்கிவிடுங்கள், நான் விழுங்கிவிட்டேன்.

5

கோசாசியின் சங்கம் வருஷா வருஷம் தாங்குபான் பராஹு எரிமலைக்குப் பைக்கில் போகும். எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை. நிரப்பிய டேங்க் மார்புப் பையில். மேலே போய் எவர் பை காய்ந்திருக்கிறதோ அவருக்கு ஜெயம். வருஷா வருஷம் எல்லாருமே நனைவார்கள், குறைவாக நனைந்தவருக்குக் கைதட்டுவார்கள்.

இந்த வருஷம் இமாஸ் பெயர் கொடுத்தாள். பந்தயமும் அவளே வைத்தாள். பை நனைந்தால், அந்தப் பட்டப்பெயரைத் தன் கடைப் பலகையிலேயே எழுதிக்கொள்வாள். காய்ந்திருந்தால், கோசாசி மைக்கில் அவள் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து வேறெந்தப் பெயரும் கிடையாது.

கிளம்புமுன் எல்லாரும் பாதி ஊற்றினார்கள். இமாஸ் விளிம்புவரை நிரப்பினாள். கூட்டம் சிரித்தது.

"பாவம்மா நீ, சோப்பு கொண்டாந்தியா?" என்றார் கோசாசி.

"ஒங்களுக்கும் சேத்து கொண்டாந்திருக்கேண்ணே."

6

முடிவு மூன்று வைத்திருந்தேன். (அ) ஒரே ஒரு சொட்டில் தோற்கிறாள். (ஆ) ஜெயிக்கிறாள், ஆனால் ஊர் பழைய பெயரையே கூப்பிடுகிறது. (இ) பாதி வழியில் மழை, எல்லார் சட்டையும் நனைந்து, யாருக்கும் எதுவும் தெரிய

இல்லை, இதை முடிக்கப்போவதில்லை. இலக்கிய நண்பர் ஒருவருக்கு (அ) மிகவும் பிடித்திருந்தது. தோல்வியில்தான் ஆழம் இருக்கிறதாம். இமாஸிடம் மூன்றையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். ரப்பர் வளையம் ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் ஜெயிச்சேன்ணே. நீங்களும் அங்கதான இருந்தீங்க? அது ஒங்க கதைக்கு ஒத்து வரலேன்னா, கதைய மாத்துங்க."

மாற்றிவிட்டேன்.

7

எரிமலை உச்சி. கந்தக வாடையை மீறி மாம்பழமும் புதினாவும் காப்பியும் மணத்தன, அத்தனை பைகளும் ஒழுகியிருந்தன. கோசாசியின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அவர்தான் நடுவர், டிஷ்யூவை ஒவ்வொரு பையிலும் அழுத்தி எல்லாருக்கும் காட்டிக்கொண்டே வந்தார்.

இமாஸின் பையில் அழுத்தினார். டிஷ்யூ வெள்ளையாகவே வந்தது. புது டிஷ்யூ எடுத்து உள்ளே விட்டுத் துழாவினார். அதுவும் வெள்ளை. இமாஸ் டேங்கை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பையை வெளியே இழுத்துவிட்டாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. நான் கத்தினேன். எனக்குப் பக்கத்தில் நின்ற டோஃபுக்காரரும் கத்தினார்.

கோசாசி மைக்கை வாங்கினார். வாயருகே கொண்டுபோனார். பிறகு கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு அவளிடம் குனிந்தார். இத்தனை வருஷம் எதிர்க்கடை.

"ஒன் முழுப்பேரு என்னம்மா?"

"இமாஸ் ரோஹாயத்தி. தப்பில்லாம சொல்லுங்க."

அவர் சொன்னார், தப்பில்லாமல்தான் சொன்னார். ஆனால் அதை நான் இங்கே மறுபடி எழுதப்போவதில்லை. நான் எழுதினால் மலையில் இருந்தவர்கள் மட்டும் கேட்ட பெயராக அது நின்றுவிடும். அதனால் மைக்கை உங்களிடம் நீட்டுகிறேன். பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை, கூச்சப்படாதீர்கள். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, நல்ல சத்தமாக நீங்கள் சொல்லுங்கள்: