மாடி வீட்டு ஃப்ரீசரில் ஆட்டுக் குழாய்

1

இந்தக் கதையை ஜெயஸ்ரீயிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். 2004இல் மாடம்பாக்கத்தில் எங்கள் மாடியில் குடியிருந்த தோல் டாக்டர் அவள். கீழே இருந்த வீட்டுக்காரன் நான். கதைக்குள் எனக்கு மாணிக்கவேல் என்று பெயர். கொஞ்சம் நல்லவராக ஆக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘மனித உடல் தன்னையே பகைவனாகக் கருதத் தொடங்கும் அந்தக் கணத்தில்...’ வேண்டாம், வார இதழ் மருத்துவப் பக்கத்தின் வாடை.

இரண்டாவது: ஞாயிற்றுக்கிழமை காலை, சேலையூர் கறிக்கடை வரிசையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெயஸ்ரீ நிற்கிறாள். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவள். இது இருக்கட்டும்.

அவளுடைய ஆராய்ச்சி, வாயிலும் தோலிலும் கொப்புளம் கிளப்பும் ஒரு வியாதியைப் பற்றியது. உடம்பைக் காக்க வேண்டிய ரத்தமே தோலைத் தாக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அதைக் கண்டுபிடிக்க ஆட்டின் தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகும் குழாய் வேண்டும். அதை மெல்லியதாகச் சீவி, நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை மேலே விட்டு, சாயம் ஏற்றிப் பார்ப்பாள். பச்சையாக மீன்வலை மாதிரி மின்னினால் அதே வியாதி.

கானத்தூரில் மீன் விற்கும் அங்காளம்மாவுக்கு நான்கு மாதமாக வாயெல்லாம் புண். சூடு என்றார்கள், வெற்றிலை என்றார்கள். இப்போது கஞ்சிகூட இறங்காமல் ஜெயஸ்ரீயின் வார்டில் கிடக்கிறாள். அத்தாட்சி இல்லாமல் கடுமையான மருந்தைத் தொடங்கப் பெரிய டாக்டர் தயாரில்லை. அந்தப் பச்சையைக் காட்டும் மைக்ராஸ்கோப்போ நாளை, திங்கட்கிழமை, ஒருநாள் மட்டும் இரவல் கிடைக்கிறது.

“சாவறதுன்னா சொல்லிடு டாக்டரம்மா. இன்னா வியாதின்னே தெரியாம கெடக்கறதுதான் பேஜாரா கீது” என்று அங்காளம்மா சொல்லியிருந்தாள்.

3

கறிக்கடை மைதீன் பிச்சைக்கு மனசு கேட்கவில்லை. நாய்க்குப் போடும் குழாயை, படித்த பெண் ஒருத்தி வாராவாரம் கேட்டு வாங்கிப்போகிறாள். கறி வாங்க வசதியில்லை, கௌரவத்துக்கு ஆராய்ச்சி என்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அன்று சொல்லாமல் கொள்ளாமல் எலும்போடு அரைக்கிலோ நல்ல கறியையும் கறுப்புப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

ஆய்வுக்கூட ஃப்ரீசர் சனிக்கிழமையே படுத்துவிட்டது. ஜெயஸ்ரீ பையைப் பிரிக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீட்டு ஃப்ரீசரில் வைத்தாள்.*

* வீட்டு ஃப்ரீசர் இதற்கெல்லாம் ஆகாது என்று இன்னொரு டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். ஆகாதுதான். ஒரு நாள் தாங்கும் என்று ஜெயஸ்ரீ நம்பினாள், நீங்களும் நம்புங்கள்.

4

மத்தியானம் முழங்கால் வலிக்கு ஐஸ் கேட்டு வீட்டுக்காரரின் மனைவி புஷ்பலதா மாடியேறினாள். எடுத்துக்கொள்ளச் சொல்லிக் குளியலறையிலிருந்து ஜெயஸ்ரீ குரல் கொடுத்தாள். [இங்கே ஓர் அலறல் எழுதியிருந்தேன். புஷ்பலதா அலறவில்லை. பையை இரண்டு விரலால் தூக்கிவந்து படிக்கட்டில் வைத்துவிட்டு என்னை, மன்னிக்கவும், மாணிக்கவேலைக் கூப்பிட்டாள்.] ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று பலகை மாட்டி வாடகைக்கு விட்ட வீடு அது.

ஈரத் தலையோடு ஓடிவந்த ஜெயஸ்ரீ மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஆடு, குழாய், பச்சை வலை, அங்காளம்மா. மாணிக்கவேல் புன்னகையோடு கேட்டுக்கொண்டு (அடித்துவிடுகிறேன், புன்னகையெல்லாம் இல்லை) பையைப் பிரித்தார்.

“ஆராய்ச்சிக்குக் குழாய், சரிம்மா. நெஞ்செலும்பு எதுக்கு?”

ஜெயஸ்ரீ குனிந்து பார்த்தாள். மைதீன் பிச்சையின் இரக்கம் அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. யார் நம்புவார்கள்? பை குப்பைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று புஷ்பலதா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். கடைசி வார்த்தை வீட்டுக்காரருடையது.

“சார், இன்னைக்கு ஒரு நாள் இது மேல இருக்கட்டும். நாளைக்குக் காலையில நானே வீட்டைக் காலி பண்ணிடறேன்” என்றாள் ஜெயஸ்ரீ.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மாணிக்கவேலுக்கே கொப்புளம் கிளம்புகிறது, சினிமா. இன்னொன்றில் அவர் மனம் மாறி மைதீன் பிச்சை வீட்டில் பிரியாணி சாப்பிடுகிறார்; அந்தத் தாளை என் மனைவி கிழித்துப்போட்டாள். மூன்றாவது, நடந்தது. அதை எழுத உட்காரும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

அதனால் நீங்கள் கொஞ்ச நேரம் மாணிக்கவேலாக நில்லுங்கள். அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னதைவிட நல்லதாக ஏதாவது சொல்லுங்கள். ஆற அமர யோசிக்க நேரமில்லை. பை சொட்ட ஆரம்பித்துவிட்டது.