அறுபது திரைச்சீலைகளில் ஒரே முகம்

சித்திரத் துணிக்காரரின் மனைவி மேல் முதன்முதலாக வெண்பனி விழுந்தது ஒரு வியாழக்கிழமை, நல்ல உச்சி வெயிலில், முற்றத்தில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது. ஒரு கைப்பிடி இருக்கும். பக்கத்தில் நின்றவர்கள் மேல் ஒரு பொட்டுகூட விழவில்லை. அவள் தலையைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். காரணம் துணிக்காரருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

முந்தின வருஷம், கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கட்டிலைச் சுற்றித் தொங்கவிட அறுபது திரைச்சீலை வேண்டுமென்று, வெள்ளைக்கார வியாபாரிகளின் தரகர் ஒரு மாதிரிப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். உலகத்தில் எங்குமே முளைக்காத ஒரு மரம், அதன் ஒரே கிளையில் பத்து விதப் பூ. கீழே தொப்பி போட்ட துரை புகைபிடிக்க, மேலாடை இல்லாத ஒரு பெண் அவருக்குப் பழம் நீட்டுகிறாள். "இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க இப்படித்தான் இருப்பாங்கன்னு அங்க நினைப்பு," என்றார் தரகர், தலையைச் சொறிந்தபடி. அவள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் பூச்சி அரித்த ஓட்டை. மாதிரியில் மைக்கறை இருந்தால் மைக்கறையையும் சேர்த்தே வரைகிற பட்டறை அது. ஓட்டையை ஓட்டையாகவே வரைந்திருந்தால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும். துணிக்காரருக்குக் கொஞ்சம் கர்வம். "முகத்த நான் பாத்துக்கறேன்," என்றுவிட்டார்.

படிகார நீரில் இழுத்த கோடு கண்ணுக்குத் தெரியாது. சாயவேர் போட்ட அண்டாவில் துணி வேகும்போதுதான் சிவந்து எழும்பும். அறுபது முகங்களையும் கை போன போக்கில் வரைந்திருந்தார். முதல் துணி கொதித்தபோது அண்டாவிலிருந்து மேலே வந்தது அவர் மனைவி, இடது புருவத் தழும்பு உட்பட. கிளறிக்கொண்டிருந்தவர்கள் ஒருமுறை பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். கறுப்பைப் பூசி மறைத்திருக்கலாம். ஆனால் வாழ்நாளில் அவர் வரைந்ததிலேயே நல்ல முகம் அதுதான், மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய், "உங்க அம்மாவப் பாத்து நாளாச்சே, பத்து நாள் இருந்துட்டு வாயேன்," என்றார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவராக அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணை நினைத்தால் பிற்பாடு அவருக்குச் சோறு இறங்காது.

துணி போய்ச் சேர்ந்த ஊரின் பனிக்குப் பிறகு அந்த வீடுகளின் கணப்புக் கரிப்புகை வந்தது, அவள் புடவையில் மட்டும். பிறகு பார்வை வந்தது. ஆளில்லாத அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருப்பவள் திடுக்கிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள். "யாரோ பாக்கறாங்க," என்பாள். "பிரமை," என்பார் அவர். வெட்கம் பிடுங்கித் தின்ன, நாலு வருஷம் அதையே சொன்னார்.

ஐந்தாம் வருஷம் இன்னும் நூறு வேண்டுமென்று சொல்லி அனுப்பினார்கள். மாதிரிக்குப் பழைய அறுபதில் ஒன்றையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூட்டையை அவள்தான் பிரித்தாள். துணியை விரித்து வெகுநேரம் நின்று பார்த்தாள். அவள் கூச்சல் போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"இதுக்குத்தான் அம்மா வீட்டுக்கு அனுப்புனீங்களா?" என்று கேட்டாள். "தெருவெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேனே."

பூமி பிளந்து விழுங்காதா என்று நின்றார். ஆமாம் என்று சொல்ல அவருக்கு அரை நாள் பிடித்தது.

அந்த நூறிலும் பெண்ணின் உடம்புக்குத் தன் முகத்தையே வரைந்தார், மீசையோடு. தரகர் உற்றுப் பார்த்துவிட்டு, "அங்க எவனுக்குத் தெரியப்போவுது," என்று மூட்டை கட்டினார். அங்கே அது முந்தினதைவிட நன்றாக விற்றது. கப்பல் போன எட்டாம் மாதம், பட்டறையில் பத்துப் பேர் நடுவே தூரிகை பிடித்திருந்தவர் சட்டென்று இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எத்தனை பேரு?"

"ஏழெட்டுப் பேரு இருக்கும். சிரிக்கறாங்க." பிறகு கேட்டார், "போகப் போகப் பழகிடுமா?"

"பழகாது," என்றாள். "கைய எடுத்துட்டு வேலையப் பாருங்க."

அவர் கையை எடுத்தார். அன்றைக்கு முடிக்கவேண்டிய இலைகள் இன்னும் நிறைய இருந்தன.