ஞானத்தகப்பனின் கையெழுத்து

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கஞ்சியில் பிறந்தது. நவம்பர் இருபத்தைந்து, பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் நடக்கும் வன்முறைக்கு எதிரான தேசிய விழிப்புணர்வு நாள். எங்கள் ஊர்க் கூடைப்பந்துத் திடலில் அன்றைக்கு இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி ஊற்றுவார்கள். நான் போனது அதற்குத்தான். கஞ்சியோடு, அங்கே பார்த்த ஜோவலின் என்ற பெண்ணும் என் தலையில் ஏறிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டாள்.

முதல் வரியாக இப்படி எழுதினேன்: 'இலோய்லோ கடலோரத்தில் ஆரஞ்சு நிறச் சூரியன் மெல்ல...'

சீ. அடித்துவிட்டேன். ஆரஞ்சாக இருந்தவை சட்டைகள். இந்த நாளின் நிறம் என்று ஊராட்சி எல்லோருக்கும் கொடுத்தது. பெண்டாட்டியை அடிக்கிறவனுக்கும் அளவு பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

2

மறுபடி தொடங்குகிறேன். ஊராட்சித் தலைவர் போனி பால்மாரெஸ் ஒலிபெருக்கியில் உறுதிமொழி வாசித்துக்கொண்டிருந்தபோது ஜோவலின் மகளைக் கையில் பிடித்தபடி மேடையேறினாள்.

(ஏன் மேடை? காலையிலேயே ஊராட்சி அலுவலகத்தில் பெண்கள் பிரிவைப் பார்க்கிற நெனிட்டா அக்கா பாதுகாப்பு உத்தரவை எழுதித் தயாராக வைத்துவிட்டார். ஜோவலினின் புருஷன் எர்வின் இனி மனைவிமேலும் மகள்மேலும் கை வைத்தால் போலீஸ் பிடிக்கும். தலைவர் கையெழுத்துதான் பாக்கி. அவரோ காலையிலிருந்து மேடையைவிட்டு இறங்கவில்லை.)

"நினோங், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

[நினோங் என்றால் ஞானத்தகப்பன். எங்கள் ஊரில் தலைவரைத் திருமணத்துக்கு ஞானத்தகப்பனாக அழைக்காத ஜோடி அபூர்வம். அன்று சாட்சிக் கையெழுத்துப் போடுவார், பிறகு சண்டை வந்தால் சேர்த்துவைப்பார். அடிதடியில் அப்படிச் சேர்த்துவைக்கக் கூடாது என்கிறது சட்டம். சட்டத்தை யார் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள்?]

"இப்பவா தாயி? விழா முடியட்டும். எர்வினும் இங்கதான இருக்கான். மூணு பேரும் உக்காந்து பேசுவோம்."

"போன தடவையும் உக்காந்தோம் நினோங். நீங்க பேசுனீங்க, அவன் அழுதான், நான் காப்பி போட்டேன். மறுவாரம் என் கைய ஒடிச்சான்."

ஒலிபெருக்கி திறந்தே இருந்தது. திடலில் யாரோ சிரித்தார்கள். இந்த இடத்தில் எல்லோரும் தலைகுனிந்தார்கள் என்று எழுத ஆசைதான். சிரித்தார்கள்.

கீழே விழிப்புணர்வுப் பதாகையின் ஒரு முனையைப் பிடித்திருந்த எர்வின் கத்தினான். "வீட்டு விஷயத்த ஊருக்கே சொல்லிக்கிட்டு! எறங்குடி!"

"வீட்டுக்குள்ள சொன்னா வாயிலயே குத்துறியே. நேத்து குறுக்க வந்த இவ வாயையும் கிழிச்சிட்ட. அஞ்சு வயசுடா இவளுக்கு!"

சிரிப்பு நின்றது.

3

தலைவரைப் பற்றி எனக்குக் குழப்பம். வில்லனாக்கப் பார்த்தேன். கனமான மோதிரமெல்லாம் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. புயலில் கழுத்தளவுத் தண்ணீரில் அரிசி மூட்டை சுமந்தவர். இந்தக் குழந்தைக்கு டெங்கு வந்தபோது தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். தான் கையெழுத்திட்ட கல்யாணம் உடையக் கூடாது என்று மனதார நம்புகிறவர்.

அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவன் என்றால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். இந்த நல்ல மனிதரை என்ன செய்வது?

4

முடிவு அ: தலைவர் கண்கலங்கிக் கையெழுத்து... (கைதட்டல் எனக்கே கேட்டது. கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: எர்வின் மண்டியிட்டு... (எழுத மாட்டேன். அவன் அழுதால் மறுவாரம் என்ன நடக்கும் என்று ஜோவலின் சொல்லிவிட்டாள்.)

நடந்தது இதுதான். தலைவர் அடிக்காத கைப்பேசியைக் காதில் வைத்தார். "மேயர் கூப்பிடுறாரு" என்று இறங்கி, வண்டியேறிப் போய்விட்டார்.

நெனிட்டா அக்கா மூச்சுவாங்க மேலே வந்தார். "போனா போறாரு, விடு. தலைவர் இல்லேன்னா ஊராட்சி உறுப்பினர் யாரு வேணாலும் போடலாம். சட்டத்துல இருக்கு. இன்னைக்கே போட்டாகணும்."

உறுப்பினர்கள் மேடையிலேயே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். ஒருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். ஒருவருக்குக் கஞ்சி அவசரமாக ஆறிக்கொண்டிருந்தது. இன்னொருவர், "புருஷன் பொண்டாட்டி நாளைக்கே சேந்துக்குவீங்க, பழி எங்க மேல வரும்" என்றார்.

"இது கைக்கு வராம நான் எறங்க மாட்டேன்" என்றாள் ஜோவலின். "பொழுது சாஞ்சா நான் போக வேண்டியது அந்த வீட்டுக்குத்தான்."

5

எழுதுகிறவன் நான். ஒரு உறுப்பினரை எழுப்பிக் கையெழுத்துப் போடவைக்க எனக்கு ஒரு வரி போதும். அந்த வரியை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அவளையும் இறக்கிவிட மாட்டேன்.

அந்த வரிசையில் கடைசி நாற்காலியைக் காலியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குத்தான். வாருங்கள், உட்காருங்கள். எத்தனை கல்யாணத்தில் அட்சதை போட்டிருப்பீர்கள், எத்தனை பெண்களிடம் "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்றிருப்பீர்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஜோவலின் ஒவ்வொருவராகத் தாண்டி உங்கள் முன்னால் வந்துவிட்டாள். வாய் வீங்கிய சிறுமி உங்களையே பார்க்கிறாள். காகிதத்தை உங்கள் மடியில் வைத்துப் பேனாவை நீட்டி ஜோவலின் கேட்கிறாள்:

"உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்ல?"