ஆயிரத்துக்கு மேல்

பத்து லட்சத்து மூன்று பகா எண்ணா, இல்லையா? வேலைக்குப் போகிறவர்களுக்கான சாயங்கால வகுப்பில் கணக்கு வாத்தியார் சீனிவாசகம் போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். சாபிரும் பைரோஜாவும் மறக்கவில்லை. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்தான் அது என்று தெரிந்துவிட்டால், சாபிர் அவள் வீட்டுக்கு வந்து பெண் கேட்க வேண்டும். பைரோஜா விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிவகாசியில் தினசரிக் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் அவனுக்குப் பிழை பார்க்கிற வேலை. அந்த 2003-ஆம் வருஷக் காலண்டரில் தை அமாவாசை அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு நாள் தள்ளி விழுந்துவிட்டது. அதை நம்பி இருக்கன்குடிக்கு வேன் பிடித்துப் போனவர்கள் கோயில் வாசலில் நின்று கம்பெனியைத் திட்டினார்கள். அதிலிருந்து எதையும் ஒரு தடவை பார்த்ததோடு விட அவனுக்கு மனசு வருவதில்லை.

இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொரு பகா எண்ணாகக் வேலை முடிந்து வந்து ராத்திரிக்கு இரண்டு மூன்று என்று கால்குலேட்டரில் வகுத்துக்கொண்டே போனான். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மீதி நின்றது. ஆடி மாதம், ஆயிரத்துக்குள் கடைசிப் பகா எண்ணான 997-க்கு வந்து சேர்ந்தான். மீதி பன்னிரண்டு.

"அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு" என்றாள் பைரோஜா. பட்டாசுக் கம்பெனி ஆபீஸிலிருந்து வேனில் அப்போதுதான் வகுப்புக்கு வந்து இறங்கியிருந்தாள்.

"1009 இருக்கு, 1013 இருக்கு."

"ஆயிரத்துக்கு மேல ஒண்ணு வகுத்தா, வகுத்து வார ஈவு, அதோட ஜோடி, ஆயிரத்துக்குக் கீழ இருக்கணும்ல. கீழதான் ஒண்ணையும் காணோமே."

"கீழ எங்கயாவது நான் தப்பா அமுக்கியிருந்தா?"

"எம்புட்டு நாளைக்கு அமுக்குவீக? மேலப்பாளையத்துல இருந்து பொண்ணு பாக்க வாராக. நோன்புக்கு முந்தி பேசி முடிச்சிரணும்ங்காக எங்கத்தா."

"இன்னொரு தடவை பாத்துட்டு வந்துருதேன்."

"நல்லா வந்தீக. உங்க அமாவாசை மாதிரி எங்கத்தா தள்ளிப் போக மாட்டாக."

அவன் மறுபடி இரண்டிலிருந்து தொடங்கினான். காலண்டர் சீசன் வேறு. 997-ஐத் திரும்பத் தொடுவதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. மீதி அதே பன்னிரண்டு.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். வாசல் நிறையச் செருப்புகள்.

"கூடப் படிக்கிற தம்பியா? வாங்க வாங்க" என்று அவள் அத்தா கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். "இப்பத்தான் நிச்சயம் முடிஞ்சது. சாப்பிட்டுத்தான் போகணும்."

சாபிர் உட்கார்ந்து சாப்பிட்டான். கிளம்பும்போது கதவோரம் பைரோஜா நின்றாள்.

"என்னாச்சு?"

"பகா எண்தான்."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் 1009-ஆல் வகுத்தான். மீதி எண்பத்து நான்கு. 1013. மீதி நூற்று எழுபத்திரண்டு. ஏதாவது ஒன்று வகுத்துவிட்டால் போதும், சந்தேகப்பட்டதில் தப்பில்லை என்றாகிவிடும். எதுவும் வகுக்காது என்று அவனுக்குத் தெரியும். 1019-ஐ அமுக்கினான்.