லோ ரேஞ்ச் இல்லாத வண்டி

லோ ரேஞ்ச் கியர் இல்லாத ஒன்றை மலைக்கான வண்டி என்று சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. இருபத்தாறு வருஷமாக கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டிப் பிழைக்கிறவன் நான். கியர்காரர் என்றால்தான் ஊரில் என்னைத் தெரியும். என் மனைவியின் தம்பியோ புது வண்டி விற்கிற ஷோரூமில் வேலை பார்க்கிறான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும்.

"மச்சான், அதெல்லாம் அந்தக் காலம். ஒரு சக்கரம் சும்மா சுத்துனா கம்ப்யூட்டரே அதை மட்டும் பிரேக் புடிச்சு, பலத்தை அடுத்த சக்கரத்துக்கு அனுப்பிடும். லாக்கும் வேணாம், லோ ரேஞ்சும் வேணாம்" என்பான்.

"உன் கம்ப்யூட்டரை மலை ஏறச் சொல்லு மாப்ளே. தள்ளிவிட நான் பின்னாடியே நடந்து வரேன்" என்பேன்.

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் மனைவியின் முதுகுவலி எங்கள் நடுவில் வந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது.

அவள் கால்நடை டாக்டர். மலைமேல் பதினேழு பண்ணைகள் அவள் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள் போவாள். பாதை என்று அதைச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். தண்ணீர் ஓடி அறுத்த பள்ளமும் உருண்டைக் கல்லும்தான் அங்கே உண்டு. அதற்காகவே ஏலத்தில் ஒரு பழைய வண்டியை எடுத்து, இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல் என் கையால் கட்டினேன். குட்டி லிவர் ஒன்றை இழுத்தால் லோ ரேஞ்ச் விழும். வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும், பலம் இரண்டரை மடங்காகும். முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் லாக் வேறு. சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், எஞ்சினின் பலமெல்லாம் அந்த வெறுஞ்சக்கரத்தில் ஓடி வீணாகும். லாக் போட்டால் ஜோடிச் சக்கரம் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றும், தரையில் இருப்பது இழுத்துக்கொண்டு போய்விடும். விஷயம் அவ்வளவுதான். அந்த வண்டி எங்கேயும் மாட்டி நின்றதாகச் சரித்திரம் கிடையாது.

ஆனால் ஏறி உட்கார்ந்தவர்களின் எலும்பை எண்ணிவிடும். "உங்க மூத்த சம்சாரம் இன்னிக்கும் என்னை உதைச்சிட்டா" என்று சொல்லிக்கொண்டே அவள் வீட்டுக்குள் வருவாள். நானும் அதைக் கேட்டுச் சிரிப்பேன், மடையன்.

போன மாதம் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, முதுகுத்தண்டில் இரண்டு இடம் நசுங்கியிருக்கிறது, இன்னும் ஆறு மாதம் இப்படிக் குலுங்கினால் ஒரு வாளியைக்கூடத் தூக்க முடியாது என்றார். இலாகாவில் கருணையோடு நாற்காலி வேலை ஒன்று தருவதாகச் சொன்னார்கள். கோப்பு பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதில் சொல்லக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலை மச்சினன் ஷோரூமிலிருந்து ஒரு புது வண்டியை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"இது மேல போச்சுன்னா நானும் மேல போவேன்" என்றாள் என் மனைவி. "போகலேன்னா நாளைக்கு நாற்காலிக்குச் சரின்னு எழுதிடறேன். நீங்களே ஓட்டுங்க. உங்களைவிடப் பாதை தெரிஞ்சவங்க யாரு?"

திருடன் கையில் சாவி கொடுப்பது என்பார்களே, அது இதுதான்.

"சக்கரம் சுத்தினாலும் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துடாதீங்க மச்சான். கொஞ்சம் அப்படியே புடிச்சிருங்க, அது தானா பாத்துக்கும்" என்று ஜன்னலில் தலையை விட்டான் மச்சினன்.

"நீ எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர்றியா?"

"ஐயோ, நான் வாயே திறக்கல சாமி" என்று ஒதுங்கிக்கொண்டான்.

ஊரைத் தாண்டியதும் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. முன்னால் இரண்டு ஆள் நீளத்துக்குப் பாதை. அதற்கு மேல் உலகமே இல்லை. பழைய வண்டி என்றால் கியர் அலறும், கதவு கடகடக்கும், பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். இதிலோ சத்தமே கிடையாது. கல்லின்மேல் ஏறுவது தெரிகிறது, ஆனால் எங்கேயோ வேறு யாரோ ஏறுகிற மாதிரி. மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையிலிருந்து வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போயின. எங்கிருந்தோ மாட்டு மணிச் சத்தம் கேட்டது. அது மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று சொல்ல முடியவில்லை.

"ஏங்க, நாம போறோமா, நிக்கிறோமா?" என்றாள்.

"போயிட்டிருக்கோம்."

"நம்பவே முடியல" என்று சொல்லிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் சாய்ந்து உட்கார்ந்தது என் கண்ணில் பட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

பாதி மலையில் ஒரு வளைவு. மழைத்தண்ணீர் பாதையைக் குறுக்கே கோணலாக அறுத்து வைத்திருக்கிறது. முன்பக்கம் இடது சக்கரம் பள்ளத்துக்குமேல் தொங்கும்போதே பின்பக்கம் வலது சக்கரமும் தூக்கிக்கொள்ளும். எந்த வண்டிக்கும் அங்கேதான் பரீட்சை. விட்டேன். சொல்லி வைத்ததுபோல் இரண்டு சக்கரமும் அந்தரத்தில் சுற்றின. உர்ரென்று சத்தம். நான் காலை எடுத்துவிட்டேன். வண்டி நின்றது.

பழைய வண்டியில் அதுதான் முறை. சக்கரம் வெறுமனே சுற்றினால் காலை எடு, லாக் போடு, மெதுவாகப் போ. இந்த மாதிரி வண்டியில் அதற்கு நேர் எதிர்: காலை எடுக்காமல் ஒரே சீராகப் பிடித்திருந்தால்தான் அந்தக் கம்ப்யூட்டர் சுற்றுகிற சக்கரத்தைப் பிரேக் போட்டு நிறுத்தும். எடுத்துவிட்டால் அதற்கு வேலை செய்ய நேரமே இல்லை. முதல் தடவை நான் எடுத்தது பழக்கதோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், பழக்கதோஷம்தான்.

இரண்டாவது தடவை எடுத்தது பழக்கம் இல்லை. மூன்றாவது தடவை எடுத்தது அயோக்கியத்தனம்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்றேன்.

அவள் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சின்னப் பிள்ளை முகம்போலச் சுருங்கிவிட்டது. ஜெயித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு அதுவும் போய்விட்டது. ஆனாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஜாதி நான், வாயைத் திறக்கவில்லை.

"இறங்குங்க" என்றாள். "நான் ஒரு தடவை ஓட்டறேன்."

"உன் முதுகு..."

"என் முதுகை நான் பாத்துக்கறேன். இறங்குங்க."

நான் பாதையோரம் நின்றேன். அவள் கொஞ்சம் பின்னால் போய், மறுபடி வந்தாள். சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. அவள் காலை எடுக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நானும் மலையும் பனியும் அப்படியே நின்றோம். பிறகு உள்ளே கரகரவென்று ஏதோ கடித்தது. படுத்திருக்கும் மாடு எழுந்திருக்குமே, முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம், அப்படி எழுந்து வண்டி பள்ளத்தைத் தாண்டிப் போய்விட்டது. பின்விளக்கு இரண்டும் பனிக்குள் சிவப்பாகக் கரைந்தன. நான் பின்னாலேயே நடந்து போய் ஏறிக்கொண்டேன்.

மேலே முதல் பண்ணையில் இறங்கியவள் இடுப்பில் கை வைக்காமல் நேராக நின்றாள்.

"வலிக்கல" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "ஏங்க, வலிக்கவே இல்லீங்க."

பண்ணைக்காரர் ஒரு கன்றுக்கு ஊசி போட வேண்டும் என்று அவளை அழைத்துப்போனார். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், கன்றின் காதைத் தடவினாள். வேலையில் அவள் முகம் வேறு. அந்த முகத்தை ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப் பார்த்தேனே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இறங்கும்போது நான் ஓட்டினேன். இறக்கம் என்பது ஏற்றத்தைவிடப் பொல்லாதது. லோ ரேஞ்ச் இருந்தால் பிரேக்கைத் தொடவே வேண்டாம், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். இந்த வண்டியிலும் இறக்கத்துக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் அது செய்வதெல்லாம் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுவதுதான். ஒன்றரை கிலோமீட்டர் வருவதற்குள் கருகிய வாடை மூக்கில் ஏறிவிட்டது. கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினேன். பிரேக் ஆற அரை மணி நேரமாவது வேண்டும்.

எஞ்சினை அணைத்ததும் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டது. சக்கரத்துக்குப் பக்கத்தில் சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"ஏறறதுக்கு இல்லேன்னாலும் இறங்கறதுக்கு லோ ரேஞ்ச் வேணும். இது நிஜம். உன் தம்பிகிட்ட சொல்லு" என்றேன். பழக்கம் லேசில் விடுமா?

"ஆமா, இது நிஜம்" என்றாள். "வளைவுல பண்ணது பொய்."

"எது?"

"முதல் தடவை நம்பினேன். ரெண்டாவது தடவை எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன். மூணாவது தடவை உங்க காலைப் பாத்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "வாய் பேசாத ஜீவன்கிட்ட பதினஞ்சு வருஷமா வேலை பாக்கறேங்க. எது நிஜமா நொண்டுது, எது பொய்யா நொண்டுதுன்னு எனக்குத் தெரியாதா?"

என் பார்வை தானாக என் காலுக்குப் போனது.

"உங்க காலு எடுத்த முடிவை என் முடிவுன்னு நெனச்சு, ரிட்டயர் ஆகற வரைக்கும் நான் அந்த நாற்காலியில உக்காந்திருக்கணுமா? ஏன் அப்படிப் பண்ணீங்க?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தும் கூடத்தின்மேல் பழி போட்டவன் நான். உண்மையைச் சொன்னேன்.

"அந்த வண்டியை உனக்காகக் கட்டினேன்மா. ஒவ்வொரு போல்ட்டும் உன்னை நெனச்சு முடுக்கினது. ஒரு ஷோரூம் பொம்மை வந்து, அது வேணாம்னு ஆக்கிடக் கூடாதுன்னு பட்டுது. வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சதாலதான் ரெண்டு வருஷமா வலிக்குதுன்னு உங்ககிட்ட சொல்லல."

ரெண்டு வருஷம். வாரம் மூன்று நாள். நான் மூத்த சம்சாரம் ஜோக்குக்குச் சிரித்த ஒவ்வொரு நாளும். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகில் கையை வைத்தாள். மிரண்ட மாட்டின்மேல் கை வைப்பாளே, அப்படி.

கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய போனை எடுத்து, எண்ணை அழுத்தி, என் கையில் கொடுத்தாள். இலாகா அதிகாரி எண். "நீங்க சொல்லுங்க" என்றாள்.

"சார், டாக்டரம்மா வீட்டுக்காரர் பேசறேன். அவங்க நாற்காலிக்கு வரல சார். மலைக்குத்தான் போவாங்க" என்றேன். என் வாயால் அதைச் சொல்ல அவ்வளவு கஷ்டமாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவ்வளவு லேசாகவும் இருந்தது.

"இறங்கறப்ப பிரேக்?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை நிறுத்தி ஆறவெச்சுக்கறேன். எனக்கென்ன ரயிலைப் பிடிக்கணுமா? அடைமழையில மாடுங்களை வளைவுக்குக் கீழ ஓட்டிட்டு வரச் சொல்லிடறேன். அதுங்களுக்கு லோ ரேஞ்ச் கூடவே பொறந்தது."

இரண்டு பேரும் சிரித்தோம். முதல் கியரில் போட்டு, பிரேக்கை விரல் தொடுகிற மாதிரித் தொட்டுத் தொட்டு மறுபடி இறங்க ஆரம்பித்தேன். பனி கலைய மனசில்லாமல் கூடவே வந்தது. ஏதோ கேட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், நான் ஓட்டுகிற வண்டியில் அவள் தூங்கி அன்றுதான் பார்த்தேன். என் வண்டியில் எவன் தூங்குவான்?

அதற்கப்புறம் ஒரு கல்லின்மேலும் நான் சக்கரத்தை விடவில்லை. சுற்றிக்கொண்டு போனேன். இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவைத்தேன். நடந்து வந்த ஒரு ஆட்டு மந்தை எங்களைத் தாண்டிப் போனது, போகட்டும் என்று விட்டேன். நாற்பது நிமிஷத்து வழிக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.

வீட்டு வாசலில் மச்சினன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தான். வண்டியைக் கண்டதும் ஓடி வந்தான்.

"மச்சான்! என்ன ஆச்சு? ஏறுச்சா இல்லையா? சொல்லுங்க மச்சான்!"

நான் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினேன்.

"கத்தாதடா" என்றேன், மெதுவாக. "அக்கா தூங்கறா."