டிக் எடுத்த ஃபோல்டர்

மந்தாரக்குப்பத்தில் பிரவின்குமாரின் கம்ப்யூட்டர் கடைக்கு வரும் பழைய லேப்டாப்புகளுக்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். இடம் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டினால், மொத்த டிரைவையும் கம்ப்ரஸ் செய்துவிடுவது. ஃபைல்கள் சுருங்கும், கோடு நீலமாகும், கஸ்டமர் முகம் மலரும். 'உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டருக்குமா?' என்று கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். மூன்று வருடமாக அங்கே வேலை பார்க்கும் இசைப்பிரியா அதை முழுதாக வாசித்ததே இல்லை. ஆமாம் என்று தட்டிவிடுவாள்.

பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் சின்னதுரைக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. லீவு நாட்களில் மைக் செட். கடைத் திறப்பு, மஞ்சள் நீராட்டு அறிவிப்புகளை லேப்டாப்பில் பதிவு செய்து ஆட்டோவில் ஓடவிடுவார். சிவப்புக் கோட்டோடு கொண்டுவந்தபோது அவர் தெளிவாகத்தான் சொன்னார்.

"ரெகார்டிங்னு ஒரு ஃபோல்டர் இருக்குது பாப்பா. அதுல மட்டும் கம்ப்ரஸ் டிக்க எடுத்து வச்சிருக்கேன். சுருக்கிக்கினே பதிவு பண்ணா இந்தக் கெழட்டு மிஷினுக்கு மூச்சு வாங்குது, சத்தம் வுட்டு வுட்டு வருது. அதத் தொடாத."

"சரிங்கண்ணே."

மறந்துபோயிருந்தாலாவது மன்னிக்கலாம். அவள் மறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டராகப் போகச் சலிப்பு. மைக் செட்காரருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்ற நினைப்பு வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தட்டினாள்.

ஒரு மாதம் கழித்து அவர் திரும்பவும் வந்தார். லேப்டாப்பைத் திறந்துவைத்து ஹெட்ஃபோனை அவளிடம் நீட்டினார். காதில் ஒரு பெண் குரல்.

"நீ பொறந்த அன்னிக்கி ஒங்கப்பா... சைக்கிள்ல... நான் அழுதுக்கினே..."

சொல்லுக்குச் சொல் பள்ளம்.

"எங்கூட்டுக்காரி, அமிர்தம்," என்றார் சின்னதுரை. "தொண்டையில கட்டி. ஆபரேசன்ல கொரல்வளையவே எடுத்துட்டாங்க, இனிமே பேச்சு இல்ல. அதுக்கு மொத நாளு மகளுக்காக ஒரு மணி நேரம் பேசுனா. இதச் சரி பண்ண முடியுமா பாரு."

"மிஷின் அப்படிண்ணே," என்று உள்ளேயிருந்து பிரவின்குமார் சிரித்தான். "சுரங்கத்துலேர்ந்து தோண்டி எடுத்தீங்களா?"

சின்னதுரையும் சிரிக்கப் பார்த்தார். "அவளும் அதான் எழுதிக் காட்டுனா. காயலாங்கடை சாமான வச்சிக்கினு என் கொரலப் பாழாக்கிட்டியேன்னு. ரெண்டு நாளா என் மூஞ்சியப் பாக்க மாட்றா."

இசைப்பிரியா அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். டிக் இருந்தது. அவர் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டாள்.

"பதிவாகாம போனது திரும்ப வராதுங்கண்ணே."

அது பொய்யில்லை. ஆனாலும் முகம் சுட்டது. அவர் ஹெட்ஃபோன் ஒயரைச் சுருட்டி வைத்தார். "பரவால்ல பாப்பா, ஒனக்குத்தான் வீண் வேல வச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அவர் பைக்கை உதைக்கும்போது அவள் பின்னால் ஓடிவந்து நின்றாள்.

"அண்ணே, மிஷின் இல்ல. அந்த டிக்க நான்தான் போட்டேன். இப்பப் பாத்தப்பவும் மறைச்சேன்."

அவர் வண்டியை அணைத்தார்.

"சொல்லிட்டுத்தானம்மா போனேன்?"

"சொன்னீங்க."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் டேங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இத அவகிட்ட நான் சொன்னா நம்ப மாட்டா. நீ வந்து சொல்றியா?" என்று கேட்டார்.

வடக்குத்து வீட்டில், கழுத்தில் துணி கட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் அமிர்தம். இசைப்பிரியா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அமிர்தம் நோட்டை எடுத்து ஒற்றைச் சொல் எழுதித் திருப்பிக் காட்டினாள்.

'சொன்னாரா?'

"சொன்னாருக்கா. தொடாதன்னு சொன்னாரு. நான்தான் மதிக்கல."

அமிர்தத்தின் உதடுகள் அசைந்தன. கழுத்துத் துணிக்கடியில் காற்று மட்டும் இரைந்தது. திட்டுகிறாள் என்பது தெரிந்தது. என்ன சொல்லித் திட்டுகிறாள் என்பதுதான் தெரியவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

பிறகு அமிர்தம் கை நீட்டிச் சின்னதுரையின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இரண்டு பேரும் இசைப்பிரியாவைப் பார்க்கவில்லை. போகலாமா என்று கேட்க வாய் வராமல் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.