கரடிக்குக் கருமாதி

வெடி வைத்ததில் சுண்ணாம்புக் குன்றுக்குள் ஒரு குகை திறந்துகொண்டது என்றதும் மதுக்கரையில் பாதி ஊர் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்க்கப் போனது. கருப்பாத்தாள் மட்டும் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு போனாள். அதை முதலில் கவனித்தவள் பக்கத்து வீட்டுப் பாப்பாயி. அவள் கவனிக்காதது எது.

குகைச் சுவரில் எலும்புகள் பதிந்து கிடந்தன. தட்டினால் கல்லாகவே ஒலித்தன. கருப்பாத்தாளின் புருஷன் நஞ்சுண்டன் இந்தக் குன்றுக்குத் தேனெடுக்கப் போய்த் திரும்பாதவன். வருஷம் பல ஆயிற்று. கண்டியில் தேயிலை பறிக்கிறான், பாலக்காட்டில் ஒருத்தியோடு இருக்கிறான் என்று ஊர் அவனுக்கு எங்கெங்கோ குடித்தனம் வைத்துக் கொடுத்திருந்தது. இவளுக்குத்தான் ஒன்றும் வைக்கவில்லை. சீர் நடக்கும் வீட்டில் தாம்பாளம் தூக்கக் கூப்பிட மாட்டார்கள். இழவு வீட்டில் தாலியறுத்தவர்களோடு உட்காரவும் விட மாட்டார்கள்.

"பேரூர் ஆத்துல போட்ட மனுச எலும்புதானுங்க கல்லாகும். மாடு கன்னுக்கு அந்தப் பாக்கியம் ஏதுங்க?" என்று வெடி வைத்த மேஸ்திரி கோவிந்தராஜுலுவிடம் கேட்டாள்.

"மெட்ராஸ்ல இருந்து எலும்பு பாக்கற தொரை வாராரு. அதுவரைக்கும் பொறு அம்மணி."

"பொறுத்துத்தானுங்க இருந்தேன்."

அவர் உடைந்து விழுந்த ஓர் எலும்புத் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மூடிக் கிடந்த குகைக்குள் நஞ்சுண்டன் எந்த வழியாகப் போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கருமாதிச் சோறு போயிருக்கும். பேரூரில் நொய்யலில் எலும்பை விட்டாள், தாலியையும் விட்டாள், வெள்ளைச் சீலையோடு வந்தாள். வீடு கொள்ளாத ஜனம். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாத்திரம் பற்றாமல் பாப்பாயி வீட்டில் இரவல் வாங்கியது கருப்பாத்தாளுக்குத் துக்கத்திலும் ஒரு நிறைவாக இருந்தது.

தொரை வந்தார், பார்த்தார், கரடி என்றார். இந்தக் காலத்துக் கரடிகூட இல்லையாம். ஊரும் பேரும் உண்டாகுமுன் செத்ததாம். மனுச எலும்பு ஒன்றுகூட இல்லை.

"கரடிக்குக் கருமாதி செஞ்ச மகராசி" என்று வாய்க்கால் படித்துறையில் சிரித்தார்கள். கருமாதி வடைக்கு இரண்டாம் முறை கை நீட்டிய பாப்பாயிதான் சத்தமாகச் சிரித்தவள். சிரித்துவிட்டு நேரே வந்தும் கேட்டாள்.

"ஏனம்மணி, அப்ப உம்பட ஊட்டுக்காரரு இருக்கறாருன்னுதான ஆச்சு? தாலிய மறுக்காக் கட்டிக்குவியா?"

"ஆருங்கக்கா கட்டுவாங்க?"

பாப்பாயி இரவல் கொடுத்த பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் கருப்பாத்தாள் மறுபடியும் குன்றுக்குப் போனாள். குகையில் பாதியை அதற்குள் வெட்டி எடுத்திருந்தார்கள்.

"அந்தக் கரடி தனியாத்தான் கெடந்துச்சுங்களா?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

"இல்ல அம்மணி. ஒட்டுனாப்புல அதோட குட்டி எலும்பும் இருந்துச்சுன்னாரு தொரை."

"செரீங்க" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் விடியலில் வாய்க்காலில் குளிக்கும்போது கை பழக்கத்தில் மஞ்சளைக் கல்லில் உரைத்துப் பூசத் தொடங்கியிருந்தது. ஒரு கன்னம் மஞ்சளான பிறகே தெரிந்தது. மேட்டில் குடங்களோடு பெண்கள் பேசிக்கொண்டு இறங்கும் சத்தம். கழுவுவதற்கும் குனியாமல், மறு கன்னத்துக்கும் கையைக் கொண்டுபோகாமல், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். விரல் நுனியிலிருந்து மஞ்சள் சொட்டி, தண்ணீரில் நூலாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.